சேலத்திலிருந்து பேங்காக் கிளம்பும் கே ஆண்களுக்கு

பேங்காக் போகிறேன் என்று சேலத்தில் சொன்னாலே கேட்பவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்கள், ஜவ்வரிசி மில் முதலாளிகள், டார்கெட் முடித்த டீலர்கள் என்று கும்பல் கும்பலாகப் போய் வருகிற ஊர் அது, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நமக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் புத்தி போவதெல்லாம் பெண்கள் விஷயத்தில்தான், நாம் எதற்குப் போகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றாது. வீட்டில் சொல்லக் காரணம் வேண்டுமென்றால், நகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு வழக்கமாக பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் ஜெம்ஸ் அண்ட் ஜுவல்லரி கண்காட்சி இருக்கிறது. மற்றவர்களுக்கு "ஃப்ரெண்ட்ஸோட டூர்" போதும். நீட்டி முழக்கி விளக்கம் சொல்லப் போனால்தான் மாட்டிக்கொள்வோம்.

இங்கிருந்து போகிற நம்ம ஆட்களிடம் நான் பார்த்த வரையில், பயம் நிறைய இருக்கிறது, ஆனால் அதைத் தேவையில்லாத இடத்தில் செலவழிக்கிறார்கள். ஹோட்டல் ரிசப்ஷனில் கூனிக் குறுகி நிற்பார்கள், அன்று ராத்திரியே முன்பின் தெரியாத ஒருவன் கலந்து கொடுக்கும் கிளாஸை வாங்கி மடக் மடக்கென்று குடிப்பார்கள். ஹோட்டல் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஏற்காட்டில் ரெண்டு ஆண்கள் ரூம் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஆணும் பெண்ணும் போனால்தான் குடைவார்கள். ஃப்ரெண்ட்ஸ் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பேங்காக்கில் என்னவென்று தெரிந்தே சாவியைக் கொடுப்பார்கள். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ளலாம். புக் செய்யும்போது ட்வின் பெட் என்று போட்டுவிட்டு ராத்திரி ரெண்டு கட்டிலையும் இழுத்து ஒட்டவைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், டபுள் பெட் என்றே போடுங்கள். (அங்கே கல்யாணம் செய்துகொண்டு வந்தால் இங்கே செல்லுமா என்று கேட்பவர்களுக்கு: செல்லாது. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு நம்மைக் குற்றவாளி இல்லை என்றது, அவ்வளவுதான். 2023 அக்டோபர் 17-இல் கல்யாண உரிமை தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.)

சேலத்திலிருந்து போக பெங்களூரு, சென்னை ரெண்டுமே வழக்கமான வழி. பெங்களூரு பஸ் பிடிப்பவர்கள், விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, ஊருக்குள் நுழைந்த பிறகும் ஒன்றரை ரெண்டு மணி நேரம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று கோலாலம்பூரில் இறங்கி ஏறும் விமானம் எடுத்தால், அந்த இடைப்பட்ட நேரத்தில் ஃபோனில் கே டேட்டிங் ஆப்பைத் திறக்காதீர்கள். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கி, நமக்கு இங்கே போன 377-ஆவது சட்டப் பிரிவு, மலேசியாவில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. துபாய், தோஹா வழியாக வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.

விசா விதி மாறிக்கொண்டே இருக்கும். 2024-இல் இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் வரை தங்கலாம் என்று அறிவித்தார்கள், நீங்கள் டிக்கெட் போடும் நேரத்தில் என்ன நிலவரம் என்று தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் அரைவல் கார்டு கட்டாயம், இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை. ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள், கையில் கொஞ்சம் பாத் ரொக்கமும் இருக்கட்டும், இமிக்ரேஷனில் கேட்டாலும் கேட்பார்கள். வேப் (இ-சிகரெட்) கொண்டு போகாதீர்கள், அங்கே அது சட்ட விரோதம்.

கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து செய்ய வேண்டிய பெரிய வேலை ஃபோனில்தான். கூகுள் ஃபோட்டோஸ் வீட்டு டிவியிலோ தங்கச்சியின் ஃபோனிலோ ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் பேக்கப்பை நிறுத்துங்கள். லொகேஷன் ஷேரிங் யாருக்காவது போகிறதா? கார்டு தேய்த்தால் எஸ்எம்எஸ் அப்பா நம்பருக்குப் போகிற ஜாயின்ட் அக்கவுண்டா? அப்படியென்றால் முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் போட்டு வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாரில் ரொக்கமாகவே கொடுங்கள். கடை பெயர் எஸ்எம்எஸ்ஸில் அப்படியே வரும். அப்புறம் நேரக் கணக்கு. தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு அம்மா வீடியோ காலில் "சாப்பிட்டியா கண்ணு?" என்று வரும்போது உங்களுக்கு மணி பதினொன்று, நம்ம பார்கள் இருக்கிற சீலோம் சாலை சரியாகக் களைகட்டும் நேரம். நீங்களே ஏழு மணிக்கு ரூமிலிருந்து கூப்பிட்டுப் பேசி, சீக்கிரம் தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

தங்க வேண்டிய இடம் சீலோம். நம்ம உலகம் முழுக்க அந்தச் சாலையைச் சுற்றித்தான் இருக்கிறது, நடு ராத்திரி நடந்தே ரூமுக்குத் திரும்பலாம். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ரயிலில் மக்காசான் வந்து, பக்கத்து பெச்சபுரி ஸ்டேஷனில் மெட்ரோ மாறினால் சீலோம் ஸ்டேஷனிலேயே இறங்கலாம், மேலே போகிற பிடிஎஸ் ரயில் என்றால் சாலா டேங். டாக்ஸி எடுத்தால் மீட்டரோடு 50 பாத் விமான நிலையக் கட்டணமும் டோலும் சேரும், அது ஏமாற்று இல்லை. மீட்டர் போட மாட்டேன் என்பவனிடம்தான் இறங்கிவிட வேண்டும், டாக்ஸி புக் செய்யும் கிராப் ஆப் அதைவிட நிம்மதி.

சீலோம் என்றதும் பார் மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதே சாலையில் பான் ரோடு முனையில் நம்ம மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில், கோபுரம் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய் மக்கள், கையில் சாமந்தி மாலையும் இளநீரும் வைத்திருப்பார்கள். விஜயதசமி அன்று ராத்திரி அம்மன் ஊர்வலத்துக்காக சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள். நம்ம கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் தள்ளுமுள்ளுப் பட்டவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒன்றும் புதிதாக இருக்காது. வீட்டுக்கு அனுப்ப ஃபோட்டோ வேண்டுமென்றால் கோயிலுக்கு வெளியே நின்று எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.

அங்கிருந்து சாலா டேங் பக்கம் நடந்தால் சோய் 4, சோய் 2 என்று ரெண்டு சின்னச் சந்துகள். சோய் 4-இல் டெலிஃபோன், பால்கனி, ஸ்ட்ரேஞ்சர் மாதிரி பார்கள் சந்தை ஒட்டியே மேசை போட்டிருக்கும், முதல் நாள் அங்கே தனியாக உட்கார்ந்து ஒரு பீரை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களைப் பார்த்தாலே கூச்சம் பாதி போய்விடும். ஸ்ட்ரேஞ்சரில் ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடும் டிராக் ஷோ நடக்கும், ஆடுகிறவர்கள் மேசைக்கு வந்தால் 20, 50, 100 என்று டிப்ஸ் வைக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். டான்ஸ் வேண்டுமென்றால் சோய் 2-இல் டிஜே ஸ்டேஷன், பதினொரு மணிக்கு முன்னால் போனால் காலியாக இருக்கும். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். கூட்டமாகப் போய் ஓரமாக நின்று முறைத்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடிப்பது, ஒரு பீரை ஆறு பேர் பகிர்ந்துகொண்டு மேசையை அடைப்பது, இதெல்லாம் அங்கே இந்தியர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற கெட்ட பெயர். அதை நாம் வளர்க்க வேண்டாம்.

ஆப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருடைய புரொஃபைலில் இந்தியர்கள் வேண்டாம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். வலிக்கும். பதில் எழுதி நேரத்தை வீணாக்காமல் அடுத்த ஆளுக்குப் போங்கள், அந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம். "பிளேஸ் இருக்கா?" என்று எடுத்த எடுப்பில் கேட்கிற நம்ம ஊர் பழக்கத்தை விட்டுவிட்டு தாய் மொழியில் "சவாதீ க்ராப்" (வணக்கம்) என்று ஆரம்பித்தால் பதில் வருவது கூடும். "ஹை ஃபன்", "ஐஸ்" என்று புரொஃபைலிலோ சாட்டிலோ பார்த்தால் அது போதை மாத்திரை, மெத் விவகாரம், உடனே பிளாக். போலீஸ் கிளப்பிலும் பார்ட்டியிலும் புகுந்து சிறுநீர்ப் பரிசோதனை எடுப்பதுண்டு, தாய்லாந்து போதைச் சட்டம் சுற்றுலாப் பயணி என்று இரக்கம் பார்க்காது. முதல் சந்திப்பு சோய் 4 மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். ரூமுக்கு வருகிறவனின் அடையாள அட்டையைப் பல ஹோட்டல்களில் ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், சில இடங்களில் கூடுதல் ஆளுக்குக் கட்டணமும் உண்டு. கொடுக்க மறுக்கிறவனை மேலே கூட்டிப் போகாதீர்கள். அந்த அட்டையிலேயே வயதும் தெரிந்துவிடும், 18-க்குக் கீழே என்றால் அங்கேயே வாசலோடு அனுப்பிவிடுங்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை. பாஸ்போர்ட்டும் மிச்சப் பணமும் லாக்கரில். உங்கள் கிளாஸ் உங்கள் கையில், பாத்ரூம் போய் வந்தால் பழைய கிளாஸைத் தொடாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

சீலோமை ஒட்டிய பாட்போங் பக்கம் "ஃப்ரீ ஷோ, ஒன்லி பீர்" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுக்கிறவனோடு போகாதீர்கள், இறங்கும்போது பில்லைப் பார்த்து மயக்கம் வரும். பையன்கள் மேடையில் ஆடும் கோகோ பார்களுக்குப் போவதென்றால் உட்காரும் முன்னாலேயே டிரிங்க் விலை என்ன, பையனுக்கு வாங்கித் தரும் டிரிங்க் எவ்வளவு, அவனைக் கூட்டிப் போக பாருக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஆண்கள் மசாஜ் கடையிலும் இதேதான், போர்டில் இருப்பது மசாஜ் விலை, டிப்ஸ் தனி. பேரம் முடிந்த பிறகு குறைத்துக் கொடுப்பது அசிங்கம். ஏதாவது பிரச்சினை என்றால் டூரிஸ்ட் போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் 1669.

உடம்பு விஷயத்தைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். எச்ஐவி தொற்றாமல் இருக்க உறவுக்கு முன்பே போடத் தொடங்கும் ப்ரெப் மாத்திரை இந்தியாவிலேயே தயாராகிறது, டாக்டர் சீட்டோடு வாங்கலாம். ஆரம்பிக்கும் முன் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, கிட்னிக்கு கிரியாட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும், அதனால் ஒரு மாதம் முன்னாலேயே போங்கள். தினமும் போட விருப்பமில்லாதவர்களுக்கு ஆண்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் 2 மாத்திரை, அந்த முதல் டோஸிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-ஆவது மணியில் ஒன்று. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு இது ஆகாது, டாக்டரிடம் பேசாமல் செய்ய வேண்டாம். சிஃபிலிஸ், கொனோரியாவை இந்த மாத்திரை தடுக்காது, காண்டம் வேண்டும். செவன் இலெவன் கடைகளில் கவுண்டர் பக்கத்திலேயே தொங்கும், டப்பா மேல் 49, 52, 54 என்று மில்லிமீட்டரில் அளவு போட்டிருக்கும், பெருமைக்குப் பெரியதை எடுக்காமல் பொருந்துவதை எடுங்கள்.

காண்டம் கிழிந்தது, அல்லது என்ன நடந்தது என்றே சரியாக ஞாபகம் இல்லை என்றால், எச்ஐவி தொற்றாமல் தடுக்க உறவுக்குப் பிறகு போடும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சீலோமிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராச்சதாம்ரி சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் அனானிமஸ் கிளினிக் 1991-லிருந்து நடக்கிறது, பெயர் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை 28 நாள், பாதியை அங்கே ஆரம்பித்து மீதியைச் சேலத்தில் தொடரலாம், கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஜோடியாகப் போகிறவர்கள், டிராவல் இன்ஷூரன்ஸில் அவசரத் தொடர்புக்கு ஒருவர் பெயரை இன்னொருவர் கொடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் ஊரில் விஷயம் தெரிந்த ஒரே ஒரு நண்பனிடமாவது ஹோட்டல் பெயரும் விமான நம்பரும் இருக்கட்டும். தெருவில் கைகோத்து நடப்பது அங்கே சகஜம், முத்தமெல்லாம் பாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கோயில் வளாகத்தில் ரெண்டுமே வேண்டாம். ராஜாவைப் பற்றி வேடிக்கையாகக்கூட எதுவும் பேச வேண்டாம், அதற்கு ஜெயில் உண்டு.

திரும்பும்போது யாராவது "ஊரில் என் ஃப்ரெண்ட் வந்து வாங்கிக்குவான்" என்று பொட்டலம் கொடுத்தால், அவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். பேங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபடுவது சென்னை, பெங்களூரு சுங்கத்துறைக்கு வழக்கமான சமாச்சாரம் ஆகிவிட்டது, பேங்காக் விமானம் என்றாலே பையைக் கிளறுவார்கள். சாட் ஆப்களை ஏர்போர்ட்டிலேயே லாக் போட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் "ஃபோனைக் கொடு, ஃபோட்டோ பார்க்கிறேன்" என்று யாராவது கை நீட்டுவார்கள்.

வந்து 45 நாள் கழித்து ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் எச்ஐவி, சிஃபிலிஸ் ரெண்டும் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் ஐசிடிசி என்கிற எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்தில் இலவசம். கவுன்சிலர் கேட்டால் ஆண்களோடுதான் என்று நேராகச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது அன்றாட வேலை, உங்கள் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 எச்ஐவி சட்டமே இருக்கிறது. அங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் ஈரோடு, நாமக்கல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பஸ்ஸில் அரை நாள் வேலை.