மீட்டிங் கேமராவில் பட்டை பட்டையாக ஓடுகிறதா?

வீடியோ மீட்டிங்கில் படத்தின் மேல் மங்கலான பட்டைகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், கேமரா போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேமரா செட்டிங்ஸில் 'ஆன்ட்டி ஃபிளிக்கர்' அல்லது 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி' என்று ஒன்று இருக்கும். அது 60 ஹெர்ட்ஸில் இருந்தால் 50க்கு மாற்றுங்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, ஆக நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 50 வைத்ததும் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) அந்த மினுக்கலோடு ஒத்துப்போய்விடும். எங்கள் அலுவலகத்தில் இது தெரியாமல் புது கேமராவுக்கு விலை கேட்கும் வரை போய்விட்டோம்!

அப்புறம் ஜன்னல். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துவிடும். கேமரா செட்டிங்ஸில் பேக்லைட் காம்பன்சேஷனை (பின்வெளிச்சத்தை ஈடுகட்டும் வசதி) ஆன் செய்தால் முகம் தெரியும், ஆனால் ஜன்னல் வெளுத்துப்போகும். என்னைக் கேட்டால், திரைச்சீலையை இழுத்துவிடுவதே மேல்.

முகம் மஞ்சளடித்தால், நிறத்தைச் சரிசெய்யும் 'ஒயிட் பேலன்ஸ்' செட்டிங்கைப் பாருங்கள். ஆட்டோவில் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் மேனுவலுக்குப் போய், ஒருவரை வெள்ளைத்தாள் பிடிக்கச் சொல்லி, அது வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள். மீட்டிங்குக்குப் போடும் விளக்குகளையெல்லாம் முதலில் போட்டுவிட்டு இதைத் தொடங்குங்கள்.