மே மாதப் பனிச்சறுக்கு: மேலே போகும் வழியைக் கண்டுபிடிப்பது

நாகர்கோவிலிலிருந்து மணாலிக்குக் கிளம்பும் தம்பிமாருக்கு இது. மே, ஜூனில் ரோட்டோரப் பனி அழுக்காகி உருகிவிடும். நல்ல பனி மேலே, வடக்கு பார்த்த சரிவுகளில்தான் கிடக்கும். ஸ்கீயை (சறுக்குப் பலகை) தோளில் சுமந்துதான் போகவேண்டும்.

முதலில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் (இலவசம்தான்) பனியின் கீழ் விளிம்பைக் குறியுங்கள். அப்புறம் சம உயரக்கோட்டு வரைபடம் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டுவது) பாருங்கள். 1:50,000 அளவில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். அதற்குள் 290 மீட்டர் ஏறினால் சரிவு 30 டிகிரி. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி மொத்தமாகச் சரியலாம்; உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் ஓடைதான். விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், மதியம் பனி உருகி இடுப்புக்கு வந்துவிடும். ஓடையை மூடிக்கிடக்கும் பனி அடியில் பொள்ளலாக இருக்கும். கம்பால் குத்திப் பாருங்கள். 'டொம்' என்று கேட்டால் சுற்றிப் போங்கள்.

இரவில் இறுகிய பனி வெயில் ஏறியதும் மேலாக இளகும். சறுக்க அதுதான் நேரம். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் உடனே இறங்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு நாகர்கோவில் பக்கத்து மருந்துவாழ் மலை போதும். முதுகில் சுமையோடு ஏறி இறங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக மட்டும் மணாலியில் இரண்டு இரவாவது தங்கவேண்டும்.