கம்பெனி டயரை மாற்றும்போது காசு வீணாகும் இடங்கள்

குழியில் இறங்கினால் கார் தூக்கிப் போடுகிறது. திருப்பத்தில் பிடிமானம் போதவில்லை. நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல் காதை அடைக்கிறது. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் டயர் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு சைஸ் ஏத்திப் போட்டுடலாம் சார்." செலவு தவறான திசையில் போவது இங்கேதான் தொடங்குகிறது. பல கார்களுக்கு மாற்ற வேண்டியது டயரின் ரகம். அளவு அப்படியே இருக்கலாம்.

காரோடு வரும் டயர் மட்டமானது என்று சொல்ல முடியாது. மைலேஜ் கணக்கில் நல்ல எண் வர வேண்டும் என்பதால், உருளும்போது குறைவாக இழுக்கும், எடை குறைந்த டயரைக் கார் கம்பெனி கேட்டு வாங்குகிறது. அதற்கு விட்டுக்கொடுப்பது பல நேரம் ஈரச் சாலைப் பிடிமானத்தையும் சொகுசையும். அதே அளவில் வேறு ரகம் போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

டயர் மேல் பழி போடும் முன்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய பிஎஸ்ஐ. பலர் இதை விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 44 அல்லது 51 பிஎஸ்ஐயைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. 33 போதும் என்கிற காரில் 40 அடித்து ஓட்டினால் எந்த டயரும் கல் போலத்தான் இருக்கும். வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு காற்றைப் பாருங்கள். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த சூட்டில் பங்க்கில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் காற்று குறைவாக நிற்கும்.

அடுத்தது சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு. லோயர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்), லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை டயர் வாங்கும் முன்பே ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் கிழிந்த காரில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்தால் மானிட்டரில் எல்லாம் பச்சையாகக் காட்டும், சாலையில் இறங்கியதும் கோணம் மாறும். புது டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்து கம்பி தெரியும்.

அளவைக் கூட்டும் ஆசை

185/65 ஆர்15 என்பதை எடுத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். ஆர்15 என்பதில் ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. மாற்றும்போது காப்பாற்ற வேண்டியது இந்த எண்ணைத்தான். இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது.

195/60 ஆர்15 போட்டால் விட்டம் 615, ஒரு சதவீதம் குறைவு. தொந்தரவில்லை. 195/65 ஆர்15 என்றால் 634.5, இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, விளிம்பில் நிற்கிறது. 205/65 ஆர்15 என்றால் 647.5, நாலு சதவீதத்துக்கும் மேல். ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும், ஓடிய கிலோமீட்டரும் குறைந்தே பதிவாகும். கியர் விகிதம் கூடியது போலாகிப் பிக்கப் மந்தமாகும். ஐந்து பேர் ஏறி ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் உள்பக்கப் பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசும். கடையில் காலி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டி "எங்கேயும் இடிக்கல" என்பார்கள். அது சோதனையே அல்ல.

விட்டத்தை மாற்றாமல் அளவை எப்படி மாற்றுவது என்பதற்கு மாருதி பலேனோவே உதாரணம். கீழ் வகைகளில் 185/65 ஆர்15, மேல் வகையில் 195/55 ஆர்16. இரண்டாவதன் விட்டம் 620.9, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் காரின் மேல் வகையில் என்ன அளவு வருகிறது என்று பார்த்து அதைப் போடுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி.

ஆனால் அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். 16 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 107 மி.மீ. மட்டுமே. குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் 13 மி.மீ. குறைந்துவிட்டன. திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்கும், உண்மை. கூடவே, மூடி உயர்ந்து நிற்கும் பாதாளச் சாக்கடை ஒவ்வொன்றும் முதுகுக்குத் தெரியும், அலாய் ரிம் வளையும் வாய்ப்பும் கூடும். சொகுசுதான் வேண்டும் என்பவர் ரிம்மைப் பெரிதாக்குவது நேர் எதிர்த் திசையில் போவது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ரிம்மின் அகலமும் முக்கியம். 205 அகல டயரை 5 அங்குல ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். திருப்பத்தில் அது மடங்கி நிமிர்வதால், அகலத்துக்காகக் கொடுத்த காசுக்கு ஸ்டியரிங் இன்னும் தளர்வாகிவிடும். அகல டயர் தேங்கிய மழைநீரில் சீக்கிரம் மிதக்கும், மைலேஜும் கொஞ்சம் குடிக்கும்.

அளவுக்குப் பின்னால் 88எச் போல ஒன்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். எழுத்து, டயர் தாங்கும் உச்ச வேகம்: எச் என்பது மணிக்கு 210 கி.மீ., டி என்பது 190. விலை குறைவு என்று இந்த இரண்டில் எதிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் குறை எது என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் துரான்சா போன்றவை சொகுசுக்கும் அமைதிக்கும் சாய்ந்தவை. அதே கம்பெனிகளின் பைலட் ஸ்போர்ட், பொடென்சா வரிசைகள் பிடிமானத்துக்கு. பிராண்டு பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எதிர்பாராத வரிசை வீட்டுக்கு வரும்.

கடையில் நிற்கும்போது

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ரிம்மில் ஏற்றிய பிறகு தேட வேண்டாம், முன்பே நாலு டயரிலும் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடத்தைத் தாண்டிய சரக்கைத் தள்ளுபடி விலையில் தந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே, முன்னால் போடலாம் என்று மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. ஈரத்தில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்பது கடினம்.

மாட்டும்போது அருகிலேயே நில்லுங்கள். பழைய ரப்பர் வால்வை வெட்டி எறிந்து புதிது போட வேண்டும். டயர் ஆயுள் முழுக்க அதே வால்வு ஓட வேண்டும் என்பதால் சில பத்து ரூபாய்க்குப் பேரம் வேண்டாம். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் துருவும் பழைய ரப்பர் பிசிறும் இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் வாராவாரம் இரண்டு பிஎஸ்ஐ காணாமல் போகும். அம்புக்குறி இருந்தால் அது உருளும் திசையைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். சக்கரத்தின் எடையைச் சமன்படுத்தும் பேலன்சிங் செய்யும் முன் பழைய ஈய வெயிட்டுகளை எல்லாம் பிடுங்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும், அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் இன்னொன்று ஏறும்.

ஏர் கன்னால் நட்டுகளை ஒரேயடியாக இறுக்க விடாதீர்கள். முதலில் கையால் நட்டுகளை ஏற்றி, நட்சத்திர வரிசையில் (ஒன்றுவிட்டு எதிரெதிராக), காரின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். கன் அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட்டின் மரை போகும், நடுவழியில் பஞ்சரானால் கார் ஸ்பானருக்கு நட் அசையாது.

வெளிக்கடை அலாய் வீலாக இருந்தால் நடு ஓட்டையை அளந்து பாருங்கள். மாருதி கார்களில் அந்த ஓட்டைக்குள் உட்காரும் ஹப் பெரும்பாலும் 54.1 மி.மீ. வீலின் ஓட்டை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்னும் வளையம் வேண்டும். அது இல்லாமல் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 90இல் ஸ்டியரிங் ஆடிக்கொண்டே இருக்கும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

முதல் சில நூறு கிலோமீட்டர்

புது ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். 200 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் வேகத் திருப்பமும் வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் உள்ள காரில் அதை ரீசெட் செய்யாவிட்டால் பழைய அளவையே நினைவில் வைத்து எச்சரிக்கை காட்டலாம்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவார்கள். நாலு டயரும் வேறு அளவாகி, டிக்கியில் பழைய அளவு கிடந்தால் அதைத் தற்காலிகச் சக்கரமாகவே நினைக்க வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் முன்டயர் பஞ்சரானால், பின்னாலிருந்து ஒன்றை முன்னுக்கு மாற்றி ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் பஞ்சர் கடை வரை ஓட்டினால் போதும்.