பிஎச்பியை டேட்டாபேஸுடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் காந்தி ரோட்டில், சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜுக்கு அறைப் பதிவுப் பக்கம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் ஷேர்டு ஹோஸ்டிங். இணைப்பே கிடைக்காவிட்டால் திரையில் எரர் வரும், தேடிச் சரிசெய்துவிடலாம். இணைப்பு கிடைத்து, பக்கமும் ஓடி, உள்ளே பதிவுகள் மட்டும் கெட்டுக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. அது மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

முதலில் சத்தம் போடுகிற பிழைகளை முடித்துவிடுவோம். எரர் 2002 என்றால் சர்வரையே எட்டவில்லை. லினக்ஸில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் இணைப்பு அதே கணினியில் உள்ள சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் டிசிபி என்ற நெட்வொர்க் முறையில் 3306 போர்ட்டுக்குப் போகும். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். 1045 என்றால் சர்வர் கிடைத்துவிட்டது, யூசர்நேமோ பாஸ்வேர்டோ தவறு. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் யூசர்நேமுக்கும் டேட்டாபேஸ் பெயருக்கும் முன்னால் அக்கவுண்ட் பெயரும் ஓர் அண்டர்ஸ்கோரும் சேரும். அதை விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 1044 வந்தால், யூசரை உருவாக்கிவிட்டு அந்த டேட்டாபேஸுக்கு அனுமதி கொடுக்க மறந்திருக்கிறீர்கள். டேட்டாபேஸை இணைக்க ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ சொல்லித்தரும் பழைய பாடங்களை மூடிவையுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-லேயே அதை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக பிஎச்பியிலேயே உள்ள பிடிஓ அல்லது மைஎஸ்க்யூஎல்ஐ பயன்படுத்துங்கள்.

பாஸ்வேர்டு உள்ள கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். திருத்துவதற்கு முன் எடுத்த ‘.பேக்’ நகல் உள்ளேயே கிடந்தால், சர்வர் அதைச் சாதாரண எழுத்தாக யாருக்கும் காட்டிவிடும். எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசரும் வேண்டாம். செலக்ட் (படிக்க), இன்சர்ட் (சேர்க்க), அப்டேட் (மாற்ற), டெலீட் (நீக்க) மட்டும் செய்யக்கூடிய தனி யூசர் போதும்.

அதிகம் கெடுவது எழுத்துதான். சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர் பெயரை வங்க எழுத்திலும், உள்ளூர்க்காரர் தமிழிலும் பதிவார்கள். டேபிள், இணைப்பு, எச்டிஎம்எல் பக்கம் மூன்றிலும் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 இருக்க வேண்டும். நடுவில் உள்ள இணைப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லேட்டின்1-ல் இருந்தாலும், எழுதுகிற பக்கமும் படிக்கிற பக்கமும் ஒரே தவறைச் செய்வதால் திரையில் பெயர் சரியாகவே தெரியும். டேட்டாபேஸை நேரடியாகக் காட்டும் பிஎச்பிமைஅட்மினில் திறந்தால்தான் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அந்த நிலையில் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் மீட்கவே முடியாது, மூல எழுத்து போய்விட்டது. பிடிஓவில் இணைப்பு வரியிலேயே சார்செட்டை, அதாவது எழுத்துமுறையை, குறிப்பிடுங்கள். மைஎஸ்க்யூஎல்ஐ-யில் செட்_சார்செட்டை அழையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு அது போதும், இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். ஆகவே எப்போதும் யுடிஎஃப்8எம்பி4. பெயரின் நீளத்தை ஸ்ட்ர்லென் கொண்டு அளக்காதீர்கள். ‘வேலூர்’ என்ற சொல்லுக்கு அது 18 என்று பைட்டுகளை எண்ணிச் சொல்லும். எம்பி_ஸ்ட்ர்லென் 6 என்று சொல்லும். எழுத்துகளைப் பதியும் வார்சார் வகையின் நீளம் இந்த இரண்டாவது கணக்கில்தான் போகிறது.

படிவத்தில் வந்ததை அப்படியே எஸ்க்யூஎல் வரியில், அதாவது டேட்டாபேஸுக்கு இடும் கட்டளையில், ஒட்டுவது பாதுகாப்புக் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். திருடன் வர வேண்டியதுகூட இல்லை; ஆங்கிலத்தில் டி'சூசா என்று மேற்குறியோடு எழுதும் ஒருவர் வந்தாலே அந்த வரி உடைந்துவிடும். ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட் எழுதுங்கள்: வரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். ஆனால் கேள்விக்குறி மதிப்புகளுக்கு மட்டுமே இடம் தரும், காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயருக்குத் தராது. வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’க்குப் பிறகு கேள்விக்குறி போட்டால் எரர் வராது, வரிசையும் ஆகாது. அனுமதித்த காலம் பெயர்களை ஒரு அரேயில் வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

அறை காலியா என்று செலக்ட் செய்து பார்த்து, காலியென்றால் இன்சர்ட் செய்கிற முறை தனியாகச் சோதிக்கும்போது எப்போதும் சரியாக ஓடும். இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால், இருவருக்கும் காலி என்றே பதில் கிடைத்து, ஒரே அறை இருவருக்குப் போகும். நோயாளியோடு நள்ளிரவில் வந்து நிற்கிறவருக்கு அறை இல்லை என்று சொல்ல நேர்வது கொடுமை. ஓர் இரவுக்கு ஒரு வரி என்று பதிந்து, அறை எண்ணும் தேதியும் சேர்ந்து இருமுறை பதியாதபடி யூனிக் கீ போடுங்கள். இரண்டாவது பதிவு 1062 எரரோடு நிற்கும். அதைப் பிடித்து வேறு அறை காட்டுங்கள். இரண்டும் சேர்ந்து பதியும், இல்லையேல் இரண்டும் ரத்தாகும்படி அறைப் பதிவையும் முன்பணத்தையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் வையுங்கள். டேபிளின் சேமிப்பு வகை இன்னோடிபி-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைஐசாம் வகை டேபிளில் ரோல்பேக் செய்து ரத்தாக்கினாலும் பதிந்தது அப்படியே இருக்கும்.

செல்போன் எண்ணுக்கு முழு எண் வகையான இன்ட் காலம் வேண்டாம். அதன் உச்சம் 2147483647, நம் எண்களோ 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். வரம்பு மீறும் மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத சர்வரில் எல்லா விருந்தினருக்கும் இந்த ஒரே எண்தான் பதியும். வார்சார் வையுங்கள். பணத்துக்குத் தோராயமாகப் பதியும் ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் வையுங்கள்.

நேரமும் அப்படித்தான். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால், காட்பாடியில் அதிகாலை 4 மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிப் பதிகிறவரின் நேரம் முந்தைய நாள் 22:30 என்று ஏறும். வாடகைக் கணக்கில் ஒரு நாள் பிசகும். இணைப்பு கிடைத்த உடனேயே டைம்ஸோனை +05:30 என்று அமைத்துவிடுங்கள். பிஎச்பியிலும் ‘ஆசியா/கொல்கத்தா’ வையுங்கள்.

நேரடித் தளத்தில், பிழைகளைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே_எரர்ஸை அணைத்து, அவற்றைப் பதிவேட்டில் எழுதும் லாக்_எரர்ஸை இயக்குங்கள். பிடிஓ இணைப்பு தோற்று, பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) திரைக்கு வந்தால், பழைய பிஎச்பி பதிப்புகளில் அதற்குள் பாஸ்வேர்டே அச்சாகிவிடும்.