திறந்த பொருளாதாரம் யார் கையை வலுப்படுத்தியது என்று ஆராய்வது எப்படி?

உலகமயமாக்கல் சர்வாதிகாரத்தையும் பெருநிறுவனங்களையும் வளர்க்கிறதா என்று பொதுவாகக் கேட்டால், கேட்பவர் ஏற்கெனவே நம்பியதே விடையாக வந்து நிற்கும். ஆகவே ஒரு நாட்டையும் ஒரு காலத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே 1977க்குப் பிந்திய இலங்கையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பொருளாதார மாற்றங்களையும் மறுபக்கம் ஆட்சியதிகார மாற்றங்களையும் தேதியோடு எழுதுங்கள். 1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. நவம்பர் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1978 பெப்ரவரியில் ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதியானார். அதே ஆண்டில், ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயமும் புதிய அரசியலமைப்பும் வந்தன. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். 1982 டிசம்பரில், பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது.

தாளின் இரு பக்கங்களும் பொருந்துவதைக் கண்டவுடன் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். 1970இல் பதவிக்கு வந்த முந்தைய அரசு இறக்குமதியை இறுக்கி மூடிய அரசு; அதுவும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆண்டது, 1975இல் முடிய வேண்டிய ஆட்சியை 1977 வரை இழுத்தது. எனவே கேட்க வேண்டியது, சந்தையைத் திறந்தது ஏற்கெனவே இருந்த அடக்குமுறைக்குப் புதிதாக எதைச் சேர்த்தது என்பதே.

அதற்குச் சட்டத்தின் வாசகத்தையே படிக்க வேண்டும். பேச்சுகளில் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. 1978 அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஓர் உடன்படிக்கையை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்துவிட்டால், தேசியப் பாதுகாப்பின் நிமித்தமன்றி அதற்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது, எந்த நிருவாக நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்கிறது அது.

பிறகு, அத்தகைய பாதுகாப்பு நடைமுறையில் யாருக்குப் பயன்பட்டது என்று ஒரு வழக்கைத் தேடுங்கள். 1987 சனவரி 28 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தில், கொக்கட்டிச்சோலைப் பகுதியின் இறால் பண்ணை ஒன்று அரச படைகளின் நடவடிக்கையின்போது அழிந்தது. ஊழியர் பலரும் கொல்லப்பட்டனர். பண்ணையில் பங்கு வைத்திருந்த, அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த ஹொங்கொங்கின் நிறுவனம் ஒன்று, 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய–இலங்கை முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையத்துக்குச் சென்றது. 1990இல் இலங்கை அரசு 460,000 டொலரும் வட்டியும் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. இறந்த தொழிலாளரின் குடும்பங்களுக்கு அந்த உடன்படிக்கை அப்படியொரு வாசலை வைத்திருக்கவில்லை. பங்குக்கு ஒரு நீதிமன்றமும் உயிருக்கு வேறொன்றும் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் ஆய்வில் முதன்மையாகக் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இறுதியாக, உங்கள் முடிவுக்கு எதிரான சான்றுகளையும் அதே அக்கறையோடு தேடுங்கள். மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் குறைபாடு கண்ட ஐரோப்பிய ஒன்றியம், 2010 ஓகஸ்டில் இலங்கைக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தி, 2017 மேயில்தான் திருப்பித் தந்தது. வணிகம் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தவும் கருவியாகலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் சலுகை போனதால் நெருக்கப்பட்டது ஆடைத் தொழில் என்பதையும் அதனருகே எழுதிவையுங்கள். 2011 மேயில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க வலயத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, பொலிசார் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். அரசு சட்டமூலத்தைக் கைவிட்டது. தொழிற்சங்கத்துக்கு எளிதில் இடம்தராத அந்த வலயமே இத்தனை பேரை ஒரே வாயிலில் திரட்டியும் வைத்திருந்தது என்பதால், இந்நிகழ்வை உங்கள் தாளின் இரு பக்கங்களிலும் பதிய வேண்டியிருக்கும்.