சக்கிமுக்கித் துவக்கு சுணங்காமல் வெடிக்க: கிண்ணத்து மருந்தை எப்படித் தெரிவது

கல்லை இரும்பில் உரசும் பொறியால் வெடிக்கிற பழைய துவக்குதான் சக்கிமுக்கித் துவக்கு. அதன் குழாயின் பக்கத்தில், வெளியே உள்ள சின்னக் கிண்ணத்தில் போடுகிற வெடிமருந்து எவ்வளவு பொடியோ அவ்வளவு கெதியாகத் துவக்கு வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மற்றப் பாதி அந்த மருந்தை எங்கே, எவ்வளவு, எந்த ஈரத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பொடி மருந்துக்கு மட்டும் காசைக் கொட்டி ஒரு பயனும் இல்லை.

இதை வெளிநாட்டில் கழகங்களில் சேர்ந்து இந்தத் துவக்கைச் சுடத் தொடங்கியிருக்கும் எங்கள் ஆட்களுக்காகவும், யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் காலத்துத் துவக்கு எப்படி வேலை செய்தது என்று யோசிப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கோ வெடிமருந்தோ வைத்திருக்கக் கூடாது, ஆகவே இங்கே உள்ளவர்கள் வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக்கல் இரும்பில் உரசிப் பொறி விழுகிறது, கிண்ணத்தில் உள்ள மருந்து பற்றுகிறது, அந்தச் சுவாலை குழாயின் பக்கத்தில் உள்ள சின்னத் துளை வழியாகப் பாய்ந்து உள்ளே இருக்கும் பெரிய மருந்தைப் பற்ற வைக்கிறது. பொடி மணிக்கு எடையோடு பார்த்தால் மேற்பரப்பு அதிகம், அதனால் சின்னப் பொறியிலேயே பற்றிவிடும். அடுப்பு மூட்டும்போது பன்னாடை உடனே பிடிக்கிறது, கொள்ளி சுணங்குகிறது அல்லவா, அதே கதைதான்.

இந்தத் துவக்குக்குப் போடும் கறுப்பு வெடிமருந்தான கரிமருந்தின் மணிப் பருமனைக் கடையில் எஃப் (F) எழுத்தை வைத்துச் சொல்வார்கள், எஃப் கூடக் கூட மணி சின்னது. இரண்டு எஃப் ஏறக்குறைய 0.6 முதல் 1.2 மில்லிமீற்றர், மூன்று எஃப் 0.3 முதல் 0.84 வரை, நான்கு எஃப் 0.15 முதல் 0.42 வரை. கிண்ணத்துக்கென்று விற்பது நான்கு எஃப். குழாய்க்குள் அதைப் போடவே வேண்டாம், அழுத்தம் கூடிவிடும்.

அப்படியென்றால் நான்கு எஃப்பையும் இடித்து மாவாக்கினால் இன்னும் வேகமா? இல்லை. மணிகளுக்கு இடையில் உள்ள வெளி வழியாகத்தான் சுவாலை ஒரே நேரத்தில் எல்லா மணிக்கும் ஓடுகிறது, மாவாகி இறுகிவிட்டால் அந்த வழி அடைபட்டு மேலிருந்து படை படையாக எரியத் தொடங்கும். அதோடு மருந்தை வீட்டில் இடிப்பது கையும் கண்ணும் போகிற வேலை. செய்யாதீர்கள்.

இனித்தான் முக்கியமான இடம். கிண்ணத்தை நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, கூடினால் அரைவாசி போதும், துளை மட்டும் திறந்தே இருக்க வேண்டும். துளைக்குள் மருந்து அடைந்துவிட்டால் அது திரி போல எரிந்து எரிந்து உள்ளே போகும், அப்போதுதான் “ஸ்ஸ்” என்று ஒரு சத்தமும் பிறகு “டும்” என்று இன்னொன்றும் தனித்தனியாகக் கேட்கும். துளை வெறுமையாக இருந்தால் சுவாலை நேரே தாவிவிடும். நல்ல துவக்கில் இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்கும். இரண்டு எஃப்பிலிருந்து நான்கு எஃப்புக்கு மாறிக் கிடைக்கும் ஆதாயத்தைவிட, அடைத்த துளையைத் திறந்து வைப்பதால் வருவது காதுக்கே தெரியும் அளவு பெரிது என்பது என் எண்ணம்.

சந்தேகம் இருந்தால் கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 4 மில்லிவினாடி. கிண்ணத்து வெளிச்சத்திலிருந்து குழாயின் வாய்ப்பக்கத்து வெளிச்சம் வரை எத்தனை படம் என்று எண்ணிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றையும் பல தடவை சுட்டுப் பாருங்கள், ஏனென்றால் கல்லின் கூர் மழுங்கினாலே கணக்கு மாறிவிடும்.

பழைய படைவீரர் இந்தப் பொடி மருந்துக்கெல்லாம் மினக்கெடவில்லை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, கொஞ்சத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மீதியைக் குழாய்க்குள் கொட்டினார்கள், இரண்டும் ஒரே மருந்துதான். 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது பெரும்பாலும் எரியும் திரியால் மருந்தைப் பற்ற வைக்கும் திரித் துவக்குகளின் காலம், சக்கிமுக்கி பரவியது அதற்குப் பிறகு.

ஈரத்தில் பொடி மருந்து முதலில் கெடும், மேற்பரப்பு கூட என்பதால் ஈரத்தையும் கூட இழுக்கும். எங்கள் ஐப்பசி கார்த்திகை மாரி போன்ற காலநிலையில் மருந்தைக் கிண்ணத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டாம், சுடப் போகும்போது மட்டும் போடுங்கள். எரிந்து மிஞ்சும் அழுக்கும் நீரை இழுத்துக் கறுத்த சேறாகும், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கிண்ணத்தையும் கல்லையும் இரும்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு எடுங்கள்.

அப்புறம், மருந்து வைத்திருக்கும் பெரிய கொம்பிலிருந்து நேரே கிண்ணத்தில் ஊற்றாதீர்கள், சின்னக் குப்பியில் எடுத்துப் போடுங்கள். துளையிலிருந்து நெருப்பு பக்கவாட்டில் சீறும், அந்தப் பக்கம் ஒருவரையும் நிற்க விடாதீர்கள். கிண்ணம் எரிந்தும் துவக்கு வெடிக்கவில்லையென்றால் குறைந்தது ஒரு நிமிடமாவது குழாயின் வாயை இலக்குப் பக்கமே வைத்திருங்கள், அதற்குப் பிறகுதான் துளையைக் குத்திப் பார்க்கலாம்.