மலை ஏறுவது சுலபம், ரயில் ஏறுவதுதான் கஷ்டம்: டோக்கியோவிலிருந்து தகாவோ மலைக்கு ஒரு நாள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லோரும் சொல்லும் பெயர் தகாவோ. உயரம் 599 மீட்டர்தான். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு. நானும் அப்படித்தான் கிளம்பினேன். முதல் முறை மலையைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தேன், ஆனால் தார் ரோட்டில் வியர்க்க வியர்க்க நடந்தபடி. மூன்றாம் முறைதான் ஒழுங்காக ஏறினேன். அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது என் வேலையாகிவிட்டதால், இந்தக் குறிப்பு.

படி 1: ரயில் (இதைத் தாண்டிவிட்டால் பாதி மலை ஏறியாகிவிட்டது)

ஷிஞ்சுகுவிலிருந்து கேயோ லைன். 44.7 கிலோமீட்டர், சிறப்பு விரைவு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கட்டணம் 430 யென். சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை போதும், தனியாக டிக்கெட் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறதா? மூன்று இடத்தில் பள்ளம் இருக்கிறது.

முதல் பள்ளம், சோஃபு. நம்மவர்கள் நிறையப் பேர் எதோகாவா பக்கம் குடியிருக்கிறோம். ஃபுனபோரியில் தோஎய் ஷிஞ்சுகு லைன் ஏறினால் அதே வண்டி ஷிஞ்சுகு தாண்டி கேயோ தண்டவாளத்தில் ஓடும். "அட, மாறவே வேண்டாம்" என்று உட்கார்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது ஹாஷிமோட்டோ! கனகாவா மாநிலம்! அப்படித் தொடர்ந்து ஓடும் வண்டிகளில் பலவும் ஹாஷிமோட்டோவுக்குப் போகிறவை. சோஃபுவில் பாதை பிரிகிறது. அங்கே இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் வரும் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, கிட்டானோ. இங்கே மறுபடி பிரிகிறது: ஒன்று கேயோ ஹாச்சியோஜிக்கு, ஒன்று நமக்கு. தவறான வண்டியில் இருந்தாலும் பதற வேண்டாம், கிட்டானோவில் இறங்கி மாறிக்கொள்ளலாம். தூங்காமல் இருந்தால்.

மூன்றாவதுதான் என் இரண்டாம் முறையைக் கெடுத்தது. "தகாவோ" என்று ஒரு நிலையம் இருக்கிறது. மலைக்கு அங்கே இறங்கக் கூடாது! அதற்கு அடுத்ததான கடைசி நிலையம், தகாவோசங்குச்சி. ஒலிபெருக்கியில் "தகாவோ, தகாவோ" என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன். வெளியே வந்தால் பேருந்து நிலையமும் கடைகளும்தான். அடுத்த வண்டிக்குக் காத்திருக்காமல், வீம்புக்கு நடந்தேன்.

ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு என் குறுக்குவழி: வண்டியின் முகப்பில் நான்கு எழுத்து இருக்க வேண்டும். மூன்றாவது எழுத்து சூலம் மாதிரி இருக்கும் (அதுதான் "மலை"), நான்காவது வெறும் சதுரப் பெட்டி. சூலமும் பெட்டியும் இருந்தால் ஏறுங்கள். ஹாஷிமோட்டோவுக்கும் தகாவோவுக்கும் இரண்டு எழுத்துதான், ஹாச்சியோஜி வண்டிக்கு ஐந்து. காதால் கேட்பவர்கள் கடைசியில் "குச்சி" வருகிறதா என்று பாருங்கள். குச்சி என்றால் அவர்கள் மொழியில் வாய், நுழைவாயில். நாம் "வாயில்" என்ற சொல்லை "வாய்" என்பதிலிருந்து எடுத்தது போலத்தான்.

படி 2: எந்தப் பாதை

நிலையத்தில் கிடைக்கும் காகித வரைபடம் போதும். மலையேற்றச் செயலிகளை இறக்கிக் கைபேசி மின்சாரத்தைத் தின்னவிடாதீர்கள். பாதைகளுக்கு எண் இருக்கிறது, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கிறது.

பலரும் 1ஆம் எண் பாதையில் ஏறி அதிலேயே இறங்குகிறார்கள். 3.8 கிலோமீட்டர், பெரும்பகுதி சிமெண்ட். என்னைக் கேட்டால் அது ஏறுவதற்கல்ல. 6ஆம் எண் பாதையில் ஏறுங்கள்: 3.3 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஓடையை ஒட்டியே போகும். கேபிள் கார் (தொங்கும் பெட்டியல்ல, தண்டவாளத்தில் கம்பி இழுக்கும் மலை ரயில்) நிலையத்துக்கு இடப்பக்கம் தொடக்கம். அங்கேயே கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள், பாதையில் இடம் கிடையாது. கொஞ்ச தூரத்தில் பிவா அருவி வரும். துறவிகள் அருவியின் கீழ் நின்று தவம் செய்யும் இடம். குற்றாலம் நினைப்பில் துண்டை எடுக்காதீர்கள், கேமராவையும்.

இந்தப் பாதையின் கடைசிப் பகுதியில் ஓடைக்குள்ளேயே கல் மீது கல்லாகக் கால் வைத்து நடக்க வேண்டும். அது முடிந்ததும் விடாமல் மரப்படிகள். விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை, ஆனால் அடிப்பகுதி தேய்ந்த ஓட்டக் காலணி வேண்டவே வேண்டாம். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மட்டும் சிமெண்ட் போட்ட 1ஆம் பாதைக்கே மாறிவிடுங்கள். இன்னொன்று, கூட்டம் பெருகும் காலங்களில் 6ஆம் பாதையில் ஏற மட்டும்தான் விடுவார்கள். ஆகவே அதில் இறங்கும் திட்டமே வேண்டாம்.

படி 3: உச்சியும் சாப்பாடும்

குளிர்காலக் காலையில் வானம் தெளிந்திருந்தால் எதிரே ஃபூஜி. கோடையில் அந்த நம்பிக்கையோடு போகாதீர்கள்.

கடைகளில் தொரொரோ சோபா (துருவிய கிழங்குக் கூழ் சேர்த்த நூடுல்ஸ்) பிரபலம். சைவக்காரர்கள் கவனிக்க: கிண்ணத்தில் மீன் துண்டு இல்லாவிட்டாலும் அந்தச் சாறே பெரும்பாலும் காய்ந்த மீனில் இறக்கியதுதான். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுவேன். தயிர்சாதம் குளிரில் கல்லாகிவிடுகிறது. மலையில் குப்பைத்தொட்டியைத் தேடாதீர்கள், எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். ஒரு காலிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கோயில் வழியாக இறக்கம்

இறங்குவது 1ஆம் பாதையில். ஏனென்றால் யாகுவோ இன் கோயில் அதில்தான் இருக்கிறது. பேரரசர் ஷோமுவின் ஆணைப்படி கியோகி என்ற துறவி 744இல் நிறுவியதாகக் கோயில் வரலாறு. மருத்துவ புத்தரின் பெயரில் தொடங்கியது. பிற்பாடு இங்கே வந்து அமர்ந்தவர் இசுனா தைகொங்கென்: பருந்து அலகும் இறக்கையும் கொண்டு, வெள்ளை நரி மேல் நிற்பவர். ஐந்து தெய்வங்கள் ஓருருவானவர் என்பார்கள். அந்த ஐந்தில் மூன்று நமக்குத் தெரிந்தவர்கள்: கருடன், யானைமுகன், சரஸ்வதி. முதல் தடவை இதைப் படித்தபோது மூக்கு நீண்ட தெங்கு (ஜப்பானியக் கதைகளின் மலைப் பூதம்) சிலைகளின் முன் நின்று சிரித்துவிட்டேன். எங்கே வந்து யாரைப் பார்க்கிறோம்! சரஸ்வதிக்குத் தனியாகச் சின்னக் குகைக் கோயிலும் வளாகத்தில் இருக்கிறது. தலை குனிந்து நுழைய வேண்டும், நெற்றி பத்திரம்.

ஒரே சிக்கல், உச்சியிலிருந்து வந்தால் கோயிலுக்குள் பின்பக்கமாக நுழைவோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா "பின்வாசல் வழியாப் போய் யாராவது சாமி கும்பிடுவாங்களாடா?" என்று நின்றுவிட்டார். அதனால் இப்போது நேராகக் கீழே முன்வாசல் வரை இறங்கி, திரும்பி உள்ளே போய்க் கும்பிடுவதே என் வழக்கம். பத்து நிமிடம் கூடும், பரவாயில்லை.

வாசலுக்குக் கீழே பாதை இரண்டாகும்: ஆண் சரிவில் 108 படி, பெண் சரிவில் படியில்லாத சாய்வு. 108 என்பது மனிதனின் 108 ஆசைகளுக்காம். முழங்கால் சொல்வதைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேபிள் கார் நிலையத்துக்குக் கீழே 1ஆம் பாதை மிகச் செங்குத்து, மூட்டைப் பதம் பார்த்துவிடும். நான் கேபிள் காரில் இறங்கிவிடுவேன். அதிகபட்சச் சாய்வு 31 டிகிரிக்கும் சற்று மேல், ஜப்பானின் கேபிள் கார்களிலேயே அதிகம். பக்கத்திலேயே இருவர் அமரும் நாற்காலி லிஃப்டும் உண்டு. முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, கீழே வலை மட்டும்தான். உயரத்துக்குப் பயந்தவர்கள் தவிர்க்கவும்.

பின்சேர்க்கை 1: "அப்பாவுக்கு மூட்டுவலி, வரலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வரலாம். மேலே போகவும் கேபிள் காரே. அது சுமார் 470 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோயில் வரை நல்ல பாதை, பெண் சரிவைப் பிடியுங்கள். கோயிலுக்குள் மட்டும் படிகளைத் தவிர்க்க முடியாது.

பின்சேர்க்கை 2: கைதட்டிக் கும்பிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். தோரி வாசலைப் பார்த்து ஷின்டோ (ஜப்பானின் சொந்த மதம், கைதட்டிக் கும்பிடுவது அங்கேதான்) கோயில் என்று நினைத்துவிடுகிறோம். இது புத்தக் கோயில். சத்தமில்லாமல் கைகூப்புங்கள், நமக்குப் பழகியதுதான்.

பின்சேர்க்கை 3: நவம்பரில் இலை சிவக்கும்போது போன நண்பர் ஒருவர் இருட்டில் மாட்டிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு நடுவே அதற்கு முன்பே. கேபிள் காருக்கும் அப்போது நீண்ட வரிசை. காலை எட்டு மணிக்குள் தகாவோசங்குச்சியில் இருங்கள். தகாவோவில் அல்ல.